ஒன்று போட்டவர்கள்

விம்கோ நகர், திருவொற்றியூர்
24 ஜூன் 2024

அன்புள்ள மகிழினி,

போன வாரம் வரை காலையில் எழுந்ததும் "டீ குடிச்சியாடி?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருந்தவள், இன்று மேல்மூலையில் தேதி போட்டு உன் நலம் விசாரிக்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். புனேயில் நீ சாப்பிடுகிறாயா?

உன் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுப்பிய கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆய்வு செய்கிறவளும் பாடம் நடத்துகிறவளும் தோழிகளாக இருப்பதால், ஆய்வு முடியும்வரை போன் கூடாது, வாட்ஸ்அப் கூடாது, எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், நகல் கோப்பில் இருக்க வேண்டும். பள்ளி மின்னஞ்சலுக்கு எழுதலாமாம். அதன் கடவுச்சொல் எங்கள் எழுத்தர் ஜெபசிங்குக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கும் இப்போது தெரியாது. ஆகவே விரைவு அஞ்சல். இந்தக் கோப்பைப் புரட்டப்போகும் குழு உறுப்பினர்களுக்கு என் வணக்கம். அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது என்று நீ சொன்னது ஆறுதலாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆவுடையம்மாள் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவுக்குக் குறைந்தது பதினைந்து பேர் சேர வேண்டும். இந்த வருடம் பதினொரு பேர்தான். மற்றவர்கள் எல்லாம் காமர்ஸ். தாளாளர் அய்யாத்துரை ஐயா இரும்புக்கடை மொத்த வியாபாரி, கணக்கில் கறார். "இந்த ஒரு வருசம் போவட்டும் டீச்சர். அடுத்த ஜூன்ல பதினஞ்சு வரலன்னா பிரிவ மூடிருவோம்" என்று சொல்லிவிட்டார். மூடினால் நான் உபரி ஆசிரியர். உபரி என்று ஆனவர்களை எந்த ஊர்ப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்பது அனுப்பிய பிறகுதான் தெரியும். வேதியியல் டீச்சர் ஓய்வு பெற்று, அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. அந்தப் பாடத்தையும் பத்தாம் வகுப்பையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

உன் ஆய்வுக்கு அவர் சம்மதித்தது ஒரே காரணத்துக்காக. "புனேல இருந்து ரிப்போர்ட் வரும்லா? அத வச்சு முடிவு பண்ணுவோம்." ஆக, என் வேலை உன் கையில். இதைக் குழு உறுப்பினர்களுக்கு மொழிபெயர்க்க வேண்டாம்.

உன் பெட்டி வந்தது. பத்தாம் வகுப்பில் பாதிப் பேருக்கு நீல உறை, பாதிப் பேருக்கு மஞ்சள் உறை. நீல உறையில் முன்னாள் மாணவிகள் சொல்வதாகச் சில கதைகள். மஞ்சள் உறையில் "நீ வீட்டிலிருந்து பள்ளிக்கு எப்படி வருகிறாய் என்று பதினைந்து நிமிடம் எழுது." ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு வேறு வேறு உறை. கல்யாணப் பந்தியில் ஒரு இலைக்குப் பாயசம், பக்கத்து இலைக்கு வெறும் தண்ணீர் என்பதுபோல் இருக்கிறது. ஏன் இப்படி?

உன்
ராமசெல்வி

———

புனே
3 ஜூலை 2024

அன்புள்ள செல்வி,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடம்! வியாசர்பாடிக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். "இன்னாடி, ரெண்டு பேருக்கும் சண்டையா? லெட்டர்லாம் போட்டுக்கிறீங்க" என்று கேட்டது. நெறிமுறை என்று விளக்கினேன். "அப்ப சண்டைதான்" என்றது.

உன் கேள்விக்குப் பதில். அறிவியலில் ஒரு பெண் பின்தங்குவதற்கு எப்போதும் மூளை காரணம் இல்லை. "இது நமக்கான இடம் இல்லை" என்ற எண்ணமே பாதியைத் தின்றுவிடுகிறது. முன்னால் படித்தவர்களும் அப்படித்தான் தவித்தார்கள், பிறகு சரியானார்கள் என்று தெரிந்தால் அந்த எண்ணம் குறையும் என்பது எங்கள் யூகம். நீல உறை அதற்கு. அது உண்மையில் வேலை செய்கிறதா என்று தெரிய, அது கிடைக்காத ஒரு கூட்டம் வேண்டும். மஞ்சள் உறை அதற்கு. பாயசத்தால்தான் ருசியா, பசியால் ருசியா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இதுவரை யாருக்கும் தெரியவில்லை.

உறைகளோடு ஒரு கேள்வித்தாளும் இருக்கிறது. "அறிவியல் வகுப்பில் நானும் ஒருத்தி என்று உணர்கிறேன்" போன்ற பன்னிரண்டு வாக்கியங்கள். சிறிதும் இல்லை என்றால் 1, முழுவதும் என்றால் 5. ஜூலையில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை. பெயர் எழுதக் கூடாது. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் போட்ட விடைகளை மாற்றாமல் அப்படியே அனுப்பு.

எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் கோப்பில் போகும் என்று நினைத்தால் பேனா நின்றுவிடுகிறது.

அன்புடன் மகி

———

விம்கோ நகர்
29 ஜூலை 2024

அன்புள்ள மகி,

முதல் சுற்று நன்றாக முடிந்தது. உனக்கு வேலை மிச்சம் வைக்கக் கூடாது என்பதால் எல்லாத் தாள்களையும் திருத்தி அனுப்பியிருக்கிறேன். விடைகளை மாற்றக் கூடாது என்று எழுதியிருந்தாய். ஒன்றைக்கூட மாற்றவில்லை. பக்கத்தில் குறிப்பு மட்டும்தான். ஐந்துக்கு "நன்று". மூன்றுக்கு "இன்னும் முயற்சி தேவை". ஒன்று போட்டவர்களுக்கு "ஏன்? மாலை லேபில் வந்து பார்" என்று சிவப்பு மையில் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டிருக்கிறேன். திருத்திய தாளைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் கட்டி வைப்பது முறையில்லை என்பதால் ஒருநாள் கொடுத்து, மறுநாள் திரும்ப வாங்கினேன். இரண்டு பேர் பழக்க தோஷத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வந்துவிட்டார்கள். அதைப் பொருட்படுத்தாதே.

மகி, ஒன்பது பேர் எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டிருந்தார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பெயர் இல்லாவிட்டால் என்ன? யார் டிக்கை எப்படிப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? காத்திவாக்கத்திலிருந்து வரும் எழில்மொழியின் டிக் தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். மாலையில் வந்து நின்றாள்.

"பேரு போடாதீங்கன்னு சொல்லிட்டு இன்னா மிஸ் கண்டுபுட்சிட்டீங்க? இது நாயமா?"

"நியாயம் இருக்கட்டும். ஏன் ஒன்று?"

"புரியல மிஸ். எல்லாரும் தலைய ஆட்டுறாங்களேன்னு நானும் ஆட்டிகினு கீறேன். அவுங்களுக்காச்சும் புரியுதான்னு பாத்தா, அவுங்களும் என்னப் பாத்துதான் ஆட்டுறாங்களாம்."

ஒரு குவிலென்ஸை எடுத்துக் கையில் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கன்டெய்னர் லாரியைச் சுவரில் தலைகீழாக விழவைக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. பன் வாங்கித் தந்தேன். மறுநாள் மற்ற எட்டுப் பேரும் வந்தார்கள்.

ஒரு சந்தேகம். நீல உறையில் மூன்றாவது கதை. "கல்லூரி ஆய்வகத்தில் முதல் வருடம் முழுக்க எனக்கு யாரும் இல்லை. நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள்." வியாசர்பாடி, இயற்பியல், ராயபுரம் பக்கம் கல்லூரி என்று எல்லாம் உன்னைப்போலவே இருக்கிறது. யார் அந்தப் பெண்?

உன்
செல்வி

———

புனே
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள செல்வி,

கட்டு வந்து சேர்ந்தது. பிரித்தேன். மூடினேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பிரித்தேன்.

உணர்ச்சிகளை அளக்கும் தாளில் "இன்னும் முயற்சி தேவை" என்று எழுதியது, எனக்குத் தெரிந்தவரை, உலகத்திலேயே நீ ஒருத்திதான். என் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் அந்தச் சிவப்பு எழுத்துகளைத் தமிழ்நாட்டு அரசின் ஏதோ முத்திரை என்று நினைத்து மரியாதையோடு பார்த்தார். நான் விளக்கியதும் மரியாதை போய்விட்டது. "நெறி விலகல் அறிக்கை" ஒன்று எழுதிக் குழுவுக்குத் தந்திருக்கிறேன்.

தயவுசெய்து இரண்டு காரியம் செய். முதலாவது, ஒன்று போட்ட பெண்களை மாலையில் கூப்பிடுவதை இன்றே நிறுத்து. அது நீல உறையிலும் இல்லை, மஞ்சள் உறையிலும் இல்லை. மூன்றாவதாக ஒரு வைத்தியத்தை நீயே கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தால், நோய் எதனால் தீர்ந்தது என்று யாரால் சொல்ல முடியும்? இரண்டாவது, நவம்பர் தாள்களை நீ தொடவே கூடாது. ஜெபசிங் எதிரில் பிள்ளைகளே உறையில் போட்டு ஒட்டட்டும்.

உன் மேல் கோபம் இல்லை. உன் பிரிவு மூடாமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது கதை பலருடைய அனுபவங்களைச் சேர்த்து எழுதியது.

அன்புடன் மகி

———

விம்கோ நகர்
25 நவம்பர் 2024

அன்புள்ள மகி,

நீ சொன்னபடியே நடந்தது. ஆகஸ்டிலிருந்து நான்கு மணிக்கு மணி அடித்ததும் லேபைப் பூட்டிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் பெண்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள். "புனே ஆர்டர்" என்றேன். "புனேன்றது யாரு மிஸ்? பெரிய கையா?" என்று எழில்மொழி கேட்டாள். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள். காலாண்டுத் தேர்வில் அந்த ஒன்பது பேரும் தேறியிருக்கிறார்கள். லென்ஸ் கேள்விக்கு முழு மதிப்பெண். இது எந்த உறையின் பலன் என்று நீ முடிவு செய்துகொள்.

இரண்டாம் சுற்றுத் தாள்களை இத்துடன் அனுப்புகிறேன். நான் வகுப்புக்கு வெளியே, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஜெபசிங் தேர்தல் அதிகாரி மாதிரி மேசைமேல் அரக்கு, மெழுகுவத்தி எல்லாம் வைத்துக்கொண்டு முத்திரை போட்டுத் தந்தார். நான் ஒரு தாளைக்கூடப் பார்க்கவில்லை. கை அரித்தது.

மழை இந்த முறை பரவாயில்லை. சடையங்குப்பத்துப் பிள்ளைகள் நான்கு நாள்தான் வரவில்லை.

மூன்றாவது கதை பலருடையது என்று எழுதியிருந்தாய். கதையில் மஞ்சள் ரிப்பன், கடைசி மேசை எல்லாம் வருகிறதே, பலரில் யார் அப்படி நின்றது? அது நீ. உன் பக்கத்தில் நின்று நிறுத்துகடிகாரம் பிடித்தது நான். ஊசல் ஆடும், நீ எண்ணுவாய், நான் பொத்தானை அழுத்துவேன். மூன்று வருடம். "எனக்கு யாரும் இல்லை" என்று அந்தக் கதையில் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கடிகாரத்தை யார் பிடித்துக்கொண்டிருந்தது?

கோபத்தில் கேட்கவில்லை. புரியாமல் கேட்கிறேன்.

செல்வி

———

புனே
16 டிசம்பர் 2024

அன்புள்ள செல்வி,

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எண்கள் வந்துவிட்டன.

ஏழு பள்ளிகளில் ஆறில் பெரிய மாற்றம் இல்லை. உன் பள்ளியில் இருக்கிறது. ஜூலையில் ஒன்பது பேர் ஒன்று போட்டார்கள். நவம்பரில் முப்பத்திரண்டு பேர் எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டிருக்கிறார்கள். நீல உறை, மஞ்சள் உறை என்ற பேதமே இல்லை. "அறிவியல் வகுப்பில் நானும் ஒருத்தி" என்ற வாக்கியத்துக்கு உன் வகுப்பில் முக்கால்வாசி "சிறிதும் இல்லை" என்கிறது. நான்கே மாதத்தில் இவ்வளவு பெரிய சரிவை இதற்குமுன் பார்த்ததில்லை என்று பேராசிரியர் சொல்கிறார். கருத்தரங்குக்கு ஆகும் என்று அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி.

இன்னாடி ஆச்சு அங்கே? யாராவது பிள்ளைகளை அடித்தார்களா? நீ ஏதாவது சொன்னாயா? தாளாளர் ஏதாவது சொன்னாரா? மறைக்காமல் எழுது. இந்த எண்களோடு அறிக்கை போனால் அய்யாத்துரை ஐயா என்ன செய்வார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உன் கேள்வியை மறக்கவில்லை. அதற்கும் எழுதுகிறேன். இப்போது இல்லை.

மகி

———

விம்கோ நகர்
23 டிசம்பர் 2024

அன்புள்ள மகி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் பள்ளிக்கு விடுப்பு போட்டேன். பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். முக்கால்வாசிப் பேருக்கு நான் சிறிதும் இல்லை என்றால், இதுவரை யாருக்கு நடத்தினேன்?

அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று எழில்மொழியைப் பிடித்துக் கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"ஒண்ணு போட்டாத்தான மிஸ் கூப்புடுவீங்க?"

"என்னது?"

"மொத தபா நாங்க ஒம்போது பேர் போட்டோம். லேப்பு, லென்ஸு, பன்னு. அஞ்சு போட்டதுங்களுக்கு 'நன்று'. அவ்ளோதான். அதுங்களுக்கு செம காண்டு மிஸ். அப்பால நீங்க கதவ சாத்திகினீங்க. இந்த தபா எல்லாருமா பேசிகினு ஒண்ணு போட்டோம். ஒரு மாசமா பாத்துகினே கீறோம். நீங்க கூப்புடவே இல்ல. இன்னா மிஸ் இது, பேஜாரா கீது."

மகி, இப்போது புரிகிறதா? அந்த முப்பத்திரண்டு ஒன்றுகளும் ஐந்துகள். என் வகுப்புக்குள் வர வேண்டும் என்று கையைத் தூக்கியிருக்கிறார்கள். தூக்கிய கையை உன் கணினி கீழே இறங்கிய கை என்று எண்ணியிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. அந்த ஒன்றுகளை ஐந்தாக மாற்றி எழுதிவிடேன். பொய் சொல்லச் சொல்லவில்லை. இப்போது இருப்பதுதான் பொய். மாற்றினால் உண்மையாகிவிடும்.

செல்வி

———

புனே
10 ஜனவரி 2025

அன்புள்ள செல்வி,

எழில்மொழி சொன்னதைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மாற்ற முடியாது, செல்வி. நீ சொல்வது உண்மை என்று நானும் நம்புகிறேன். உண்மை என்பதற்காகவே மாற்ற முடியாது. எனக்குச் சரி என்று தோன்றுகிற பக்கம் எண்ணைத் திருப்ப ஆரம்பித்தால், நாளைக்குத் தப்பான பக்கத்தைச் சரி என்று நினைக்கிறவனும் அதையேதான் செய்வான். பிள்ளைகள் ஒன்று போட்டார்கள். அறிக்கையில் ஒன்றுதான் இருக்கும். ஏன் போட்டார்கள் என்பதை அடிக்குறிப்பில் எழுதுகிறேன். சிவப்பு மை, லேப், பன் எல்லாம் அதில் வரும். தாளாளர் அடிக்குறிப்பைப் படிப்பார் என்று வேண்டிக்கொள்.

உன் பள்ளியை மொத்தக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். எனவே மற்ற ஆறு பள்ளிகளின் முடிவுதான் கட்டுரையாகும். முடிவு: குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இப்போது உன் கேள்வி. அந்தக் கதை என்னுடையதுதான். முதல் வருடம், முதல் வாய்மொழித் தேர்வு. முப்பட்டகத்தில் ஒளி என்ன ஆகும் என்று சார் கேட்டார். "லைட்டு இப்டிக்கா பூந்து அப்டிக்கா வளைஞ்சி வருது சார்" என்றேன். சரியான விடை. மொத்த லேபும் சிரித்தது. நீயும் சிரித்தாய். அரை மணி கழித்து உன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை எனக்குக் கொடுத்தாய். அதன் பிறகு மூன்று வருடம் நான் லேபில் வாயைத் திறக்கவில்லை. எண்ணிக்கை மட்டும் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதில் யாரும் சிரிக்க இடமில்லை.

நீ பக்கத்தில் இருந்தது நிஜம். எனக்கு யாரும் இல்லாததும் நிஜம். இரண்டும் எப்படி ஒரே மேசையில் இருந்தன என்று கேட்டால், அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆராய்ச்சிக்கே வந்தேன். இன்னும் தெரியவில்லை.

மகி

———

விம்கோ நகர்
21 ஏப்ரல் 2025

மகிழினிக்கு,

அறிக்கை தாளாளருக்குப் போய்ச் சேர்ந்தது. அட்டவணையைப் படித்தார். அடிக்குறிப்பு மிகப் பொடி எழுத்து. அவருக்குக் கண்ணில் புரை.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரம் ஆசிரியர் கூட்டம் போட்டார். அவர் உண்மையிலேயே வருந்தினார். "முப்பத்திரண்டு பிள்ளைய. இந்தச் சயின்ஸ் அதுக மனச இந்தப் பாடு படுத்தியிருக்கு. நாம கவனிக்காம இருந்துட்டோம். பெத்தவங்க நம்மள நம்பி அனுப்புறாங்க. பிள்ளைய மனசு நோவக் கூடாதுல்லா?" என்றார். வரும் ஜூனில் அறிவியல் பிரிவு கிடையாது; இப்போது இருக்கும் பதினொரு பேரையும் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிடுவார்களாம். பிள்ளைகளின் மனநலம் கருதி. சுற்றறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது. காமர்ஸ் ஆசிரியைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் பெயர் உபரிப் பட்டியலுக்குப் போகிறது.

உன் அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. நான் ஒரு வரியிலும் தவறு சொல்ல முடியாது.

ஆய்வு முடிந்தது, இனி தொலைபேசியில் பேசலாம் என்று குழு கடிதம் அனுப்பியிருக்கிறது. பேச என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

நான் சிரித்தது எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தாலும் டப்பாதான் நினைவுக்கு வருகிறது.

ராமசெல்வி

———

புனே
12 மே 2025

அன்புள்ள செல்வி,

எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். நீ எடுக்கவில்லை. நெறிமுறைக் குழு இல்லாவிட்டாலும் நமக்குக் கடிதம்தான் போலிருக்கிறது.

தாளாளருக்கு மூன்று பக்கம் எழுதினேன். அட்டவணையை அப்படிப் படிக்கக் கூடாது, அடிக்குறிப்பைப் பாருங்கள், பிள்ளைகள் அறிவியலை விட்டு ஓடவில்லை, உள்ளே வரத்தான் கேட்கிறார்கள் என்றேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. என் அக்கறைக்கு நன்றியாம். பிள்ளைகளின் மனம் பற்றி இவ்வளவு தெரிந்த நான் ஒருமுறை பள்ளி ஆண்டு விழாவுக்கு வர வேண்டுமாம்.

வேறு என்ன செய்வது? நீயாவது திட்டி எழுது.

அம்மா சொல்கிறது: "நான் அப்பவே சொன்னேன், சண்டைன்னு."

மகி

———

விம்கோ நகர்
14 ஜூன் 2025

அன்புள்ள மகி,

நீ கூப்பிட்டபோதெல்லாம் போன் என் கையில்தான் இருந்தது. எடுத்தால் அழுதுவிடுவேன் என்று எடுக்கவில்லை. எழுதினால் மை கலங்கும், கவனமாக இருக்கலாம்.

புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. எனக்கு மாறுதல் உத்தரவு இன்னும் வராததால், விண்ணப்பம் சரிபார்க்கும் மேசையில் உட்காரவைத்திருந்தார்கள். எல்லா விண்ணப்பத்திலும் "காமர்ஸ்" என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. எழில்மொழி அதை அடித்துவிட்டு "சயின்ஸ்" என்று எழுதியிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் அடித்திருந்தாள். நான் இருவரையும் தாளாளர் அறைக்கு அனுப்பினேன். பிறகு தாங்க முடியாமல் நானும் போய் வாசலில் நின்றேன்.

எழில்மொழியின் அம்மா தாயம்மா இறால் கூடையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்திருந்தாள். தாளாளர் எழுந்து நாற்காலி போட்டார்.

"உக்காருங்கம்மா. ஒரு சங்கதி சொல்லணும், வருத்தப்படக் கூடாது. உங்க பிள்ள மனசு சயின்ஸால ரொம்ப நொந்துபோயிருக்கு."

"எம் பொண்ணுக்கா? நல்லாத் துன்னுது, நல்லாத் தூங்குது, காலைல எயுப்புனா உதைக்குது. எங்க சார் நொந்துச்சி?"

"ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்கம்மா. புனேல."

"புனேல குந்திகினு எம் பொண்ணு மன்ச எப்டி சார் பாத்தாங்கோ?"

தாளாளர் எழில்மொழியிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. பயப்படாத. வகுப்புல நானும் ஒருத்தின்னு தோணுதான்னு கேட்டதுக்கு ஒண்ணு போட்டியா இல்லியா?"

"போட்டேன் சார்."

"பொறவு எதுக்கும்மா சயின்ஸ் கேக்க?"

"அதுக்கும் இதுக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

அவர் அட்டவணையை எடுத்து மேசையில் விரித்தார். விரலை வைத்துத் தேடினார். அதில் அந்தச் சம்பந்தம்தான் இருக்கிறது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வரிசையில் பின்னால் நின்ற அம்மாக்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருத்தி, "படிக்கிறேன்னு சொல்ற கொயந்தைய வோணான்னு சொல்ற ஸ்கூலு இதான் சார் மொத தபா பாக்குறேன்" என்றாள். ஜெபசிங் விண்ணப்பங்களை எண்ணிக் கொடுத்தார். பதினாறு. தாளாளர் இரும்புக்கடைக்காரர், நான் முன்பே சொன்னேனே. எண்ணிக்கை சரியாக இருந்தால் அதற்கு மேல் பேச மாட்டார். "ரிப்போர்ட்டுல இப்படி இல்லியே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இனி எந்த ஆராய்ச்சிக்கும் அனுமதி இல்லை என்று ஒரு வரி சேர்த்தார். பிரிவு இருக்கிறது. நானும் இருக்கிறேன்.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. அன்று மாலை எழில்மொழியைக் கேட்டேன்.

"இயற்பியல் பிடிக்குமா உனக்கு?"

"சுமாராக் கீது மிஸ்."

"பின்னே ஏன் எடுத்தே?"

கொஞ்சம் நெளிந்தாள். பிறகு சொல்லிவிட்டாள். "காமர்ஸ் மிஸ்ஸுங்கல்லாம் ஒண்ணா குந்திகினு துன்றாங்கோ. நீங்க மட்டும் லேப்புல ஒண்டியாத் துன்றீங்கோ. நாங்க வரலன்னா உங்கள எங்கயோ தூக்கிப் போட்ருவாங்கன்னு ஜெபசிங் சார் சொன்னாரு. அதான் மிஸ், பேசிகினோம்."

நான் லேபில் தனியாகச் சாப்பிடுகிறேன் என்பது எனக்குத் தெரியும். தனியாக இருக்கிறேன் என்பது தெரியாது. பர்னர் இருக்கிறது, பீரோ இருக்கிறது, விடைத்தாள் இருக்கிறது, எனக்கென்ன என்று இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அவர்கள் எனக்கு ஒன்று போட்டிருக்கிறார்கள். எனக்கே தெரியாத என் தனிமை அவர்களுக்குத் தெரியும் என்றால், மூன்று வருடம் பக்கத்தில் நின்றும் உன்னுடையது எனக்குத் தெரியாமல் போனதை இனி நான் மறுக்கப் போவதில்லை. நான் சிரித்திருப்பேன். நினைவில்லை என்பது சிரிக்கவில்லை என்பதற்குச் சாட்சி இல்லை. அந்த விடைக்கு அன்றைக்குக் கைதட்டியிருக்க வேண்டும்.

இப்போது வேறு பயம் பிடித்திருக்கிறது. பதினாறு பெண்கள் எனக்குத் துணை வேண்டும் என்று இரண்டு வருடத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். திசையன்களையும் நுண்கணிதத்தையும் வைத்துக்கொண்டு அதற்கு நான் எப்படி ஈடு கட்டுவேன்? இது ஆர்வமா, இரக்கமா, ஜெபசிங்கின் வாயா? உங்கள் ஆட்களைக் கேட்டால் ஒரு பெயர் சொல்வார்கள். நீ சொல்லாதே.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. முதல் பாடமே அளவீடும் அதில் வரும் பிழைகளும்தான். கருவியால் வரும் பிழை ஒன்று. அளக்கிறவரால் வரும் பிழை ஒன்று. காரணமே தெரியாமல் வரும் பிழை ஒன்று. கடைசி வகைக்குப் புத்தகத்தில் சொல்லியிருக்கும் ஒரே வழி, திரும்பத் திரும்ப அளப்பது. நேற்று பாடக்குறிப்பு எழுதும்போது அந்த வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன்.

உனக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறதா, மகி? எனக்கு இருக்கும்போல் தெரிகிறது.

உன்
செல்வி